28 பற்களும் ஒரு திருட்டு முழியும்

அப்பாவின் ரப்பர் செருப்பில் ஒரு வார். ஆயா கொடியில் காயப்போட்டிருந்த புடவையின் முந்தானை. அக்காவின் கணக்கு நோட்டில் கடைசிப் பத்துப் பக்கம். செல்போன் சார்ஜர் வயர். நேற்றுத்தான் வாங்கிய துடைப்பத்தில் பாதி. புதுச்சேரியில் பாகூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ, வீட்டில் நான்கு மாத நாய்க்குட்டி ஒன்று இருந்தால் போதும், ஒரே வாரத்தில் இப்படியொரு சேதப் பட்டியல் தயாராகிவிடும்.

பட்டியல் நீள நீள வீட்டில் பேச்சும் நீளும்.

“இந்தச் சனியனை எங்கேர்ந்து தூக்கிட்டு வந்தியோ அங்கேயே கொண்டுபோய் விட்டுட்டு வா!” என்பார் ஆயா.

“பாவம் ஆயா, சின்னக் குட்டி. அதுக்கு ஒண்ணும் தெரியாது” என்பீர்கள் நீங்கள்.

“ஒண்ணும் தெரியாதா? செருப்பைக் கடிச்சுட்டு எப்படி முழிக்குது பாரு. திருட்டு முழி!” என்பார் அப்பா.

யார் சொல்வது சரி? இந்த வழக்கை அறிவியலிடம் கொண்டுபோவோம். அதற்கு முன் குட்டிக்கு ஒரு பெயர் வேண்டும். மணி என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் வாரத்தில் முளைக்கும் பல்

நம் ஊர் நாட்டு நாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டித்தான் குட்டி போடும். கார்த்திகை, மார்கழியில் வைக்கோல் போருக்கு அடியிலோ, கட்டி முடியாத வீட்டின் படிக்குக் கீழேயோ முனகல் சத்தம் கேட்டிருப்பீர்கள். மணியும் அப்படிப் பிறந்த குட்டிதான்.

பிறந்தபோது மணிக்குக் கண் தெரியாது, காது கேட்காது, வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. இரண்டு வாரத்தில் கண் திறந்தது. மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்கியது. அதே மூன்றாம் வாரத்தில் ஈறைக் கிழித்துக்கொண்டு முதல் பல்லும் வந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் மேலே 14, கீழே 14 என்று 28 பால்பற்களும் வந்து சேர்ந்துவிட்டன. உங்களுக்கு மொத்தமே 20 பால்பற்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பல் வந்தவுடன் கூடவே பாடமும் வந்துவிடும். பால் குடிக்கும்போது குட்டியின் கூரான பல் பட்டால் தாய் நாய் எழுந்து போய்விடும். அண்ணன் தம்பிகளோடு புரண்டு விளையாடும்போது ஒன்றின் காதை இன்னொன்று அழுத்திக் கடித்தால், கடிபட்டது ‘வீல்’ என்று கத்தும், விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு, எவ்வளவு அழுத்தினால் வலி என்பதை மணி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. மூன்று வாரத்தில் குட்டியைச் சாக்குப்பையில் போட்டுத் தூக்கி வந்துவிட்டால் இந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும். அப்படிப்பட்ட குட்டி பிறகு உங்கள் கையையும் காலையும் அளவு தெரியாமல் கடிக்கும்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய புத்தகம் 1965இல் வந்தது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலம்தான் நாய்க்குட்டி மற்ற நாய்களோடும் மனிதர்களோடும் பழகக் கற்றுக்கொள்ள மிக முக்கியமான காலம் என்று அவர்கள் கண்டார்கள். இந்தியாவிலும் 2017இல் வந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. விலைக்கு வாங்காமல் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தாலும் இந்தக் கணக்கு நல்ல கணக்குதான். தாய் உயிரோடு பக்கத்தில் இருந்தால், இரண்டு மாதம் வரை குட்டியைத் தாயிடமே விட்டுவையுங்கள். தினமும் போய்ப் பார்த்துப் பழகலாம், ஆனால் தாய் உறுமினால் தள்ளியே நில்லுங்கள்.

சித்திரையில் தொடங்கும் கலவரம்

மார்கழியில் பிறந்த மணிக்குச் சித்திரை வாக்கில் நான்கு மாதம் ஆகும். உங்கள் வீட்டுச் சேதப் பட்டியல் தொடங்குவதும் அப்போதுதான். காரணம் ஈறுக்கு உள்ளே இருக்கிறது.

பால்பல்லுக்குக் கீழே நிரந்தரப் பல் உருவாகி மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அப்படி வரும்போது பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வேரைக் கரைப்பதற்கென்றே உடம்பில் தனிச் செல்கள் உண்டு. வேர் போன பல் ஆடி விழும். உங்களுக்கும் இதேதான் நடந்தது. விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்லியிருப்பார் ஆயா. எறிவதற்கு முன் அதைத் திருப்பிப் பார்த்திருந்தால், வேர் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உங்களுக்கு ஆறு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயது வரை நிதானமாக நடக்கிற வேலை, மணிக்கு மூன்றே மாதத்தில் முடிகிறது. முதலில் முன்பற்கள் விழும். ஐந்தாறு மாதத்தில் கோரைப் பற்கள் விழும். பால்பல்லே இல்லாத இடத்தில், வாயின் பின்பக்கம் கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கும். ஏழு மாதம் ஆகும்போது மேலே 20, கீழே 22 என்று 42 பற்கள் நிற்கும். ஒரே சமயத்தில் இத்தனை பற்கள் ஈறைத் துளைத்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? ஈறு வீங்கும், நமநமக்கும், வலிக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால் அந்த நமைச்சல் சற்று அடங்குகிறது. அந்த நேரத்தில் எதிரில் அகப்பட்டது உங்கள் அப்பாவின் செருப்பு.

விழுந்த பற்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சாப்பாட்டோடு சாப்பாடாக மணியே விழுங்கிவிடும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கடித்த துணியில் சில நேரம் இளஞ்சிவப்பாக லேசான ரத்தக் கறை இருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம். ஆனால் ஏழு மாதம் ஆன பிறகும் பழைய கோரைப்பல்லும் புதிய கோரைப்பல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழையதைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

கை இல்லாதவன் வாயால் பார்ப்பான்

பல் முளைப்பது மட்டும்தான் காரணம் என்றால், ஈறு வலிக்காத இரண்டு மாதக் குட்டி ஏன் துடைப்பத்தை இழுக்கிறது?

ஒரு புதுப் பொருள் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கையில் எடுப்பீர்கள், புரட்டுவீர்கள், அமுக்கிப் பார்ப்பீர்கள், தட்டிப் பார்ப்பீர்கள். மணிக்கு நான்கும் கால்கள். எடுக்கவும் புரட்டவும் அமுக்கவும் அதற்கு இருப்பது வாய் ஒன்றுதான். இது மெத்தென்று இருக்கிறதா, கிழியுமா, சத்தம் போடுமா, தின்ன முடியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அது வாயில்தான் விடை தேடுகிறது.

பல்லுக்கு அவ்வளவு உணர்ச்சி இருக்குமா என்று சந்தேகமா? சோற்றில் ஒரு சின்ன மணல் துகள் இருந்தால் உங்கள் பல் அதை எப்படி உடனே கண்டுபிடிக்கிறது! செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தலைமுடி ஒன்றை முன்பற்களுக்கு இடையில் வைத்து மெல்லக் கடியுங்கள். அது இருப்பது தெரியும். பல்லின் வெளிப்பக்கம் கடினமான பற்சிப்பி. அதற்கு உணர்ச்சி இல்லை. பல்லையும் தாடை எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய நார்களில்தான் நரம்பு முனைகள் இருக்கின்றன. பல் சற்றே அழுந்தினாலும் அவை மூளைக்குத் தகவல் அனுப்பிவிடும். நாயின் பல்லும் இப்படித்தான் பொருத்தப்பட்டிருக்கிறது.

ஏன் செருப்பு? அதுவும் ஏன் நம் செருப்பு?

வீட்டில் எத்தனையோ பொருட்கள் இருக்க, மணி தேடிப் போவது செருப்பையும் அழுக்குத் துணியையும்தான். இதற்கு விடை மூக்கில் இருக்கிறது.

நம் உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. வியர்வைக்கு அவ்வளவாக வாடை கிடையாது. அதையும் உதிர்ந்த தோல் துணுக்குகளையும் தின்னும் பாக்டீரியாக்கள்தான் வாடையை உண்டாக்குகின்றன. நாள் முழுக்க வரப்பிலும் களத்திலும் நடந்த செருப்பில் அந்த வாடை ஊறியிருக்கும். மனித மூக்கில் மோப்பம் பிடிக்கும் செல்கள் சில பத்து லட்சம் இருக்கின்றன. நாயின் மூக்கில் அவை இருபது, முப்பது கோடி. நமக்கு வெறும் அழுக்கு வாடை. மணிக்கோ அது ‘அப்பா’ வாடை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்ற விஞ்ஞானி, நாய்களை மயக்க மருந்து இல்லாமலே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கினார். 2014இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில் 12 நாய்களுக்கு ஐந்து வகை வாடைகளைக் காட்டினார்கள். பழகிய மனிதர், பழகாத மனிதர், பழகிய நாய், பழகாத நாய், அந்த நாயின் சொந்த வாடை என்பவை அந்த ஐந்து. நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதி அதிகமாகத் தூண்டப்பட்டது பழகிய மனிதரின் வாடைக்குத்தான். அந்த மனிதர் அப்போது பக்கத்தில்கூட இல்லை.

இதை நீங்களும் உங்கள் அளவில் சோதிக்கலாம். ஒரே மாதிரியான பழைய துணித் துண்டுகள் இரண்டை எடுங்கள். ஒன்றைத் துவைத்துக் காயவையுங்கள். இன்னொன்றை ஒரு நாள் உங்கள் சட்டைக்குள் வைத்திருங்கள். இரண்டையும் தரையில் மூன்றடி இடைவெளியில் வைத்து மணியை விடுங்கள். முதலில் எதனிடம் போகிறது, எதனிடம் அதிக நேரம் இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு துணிகளை இடம் மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். இடம் மாற்றாவிட்டால் மணிக்குத் துணி பிடித்ததா, அந்த மூலை பிடித்ததா என்று தெரியாமல் போய்விடும். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள், பல தடவை செய்யுங்கள். தெருவில் இன்னொரு வீட்டில் குட்டி இருந்தால் அதையும் சோதித்தால் இன்னும் நல்லது.

அந்தத் திருட்டு முழி

இப்போது அப்பாவின் வாதத்துக்கு வருவோம். அவர் வயலிலிருந்து திரும்பி வருகிறார். வாசலில் பிய்ந்த செருப்பு. மணி காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைக் கால்களுக்கு இடையில் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கிறது. தப்புச் செய்தது அதற்கே தெரிந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நியூயார்க்கில் உள்ள பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் இதை 14 நாய்களிடம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார். சோதனை எளிமையானது. வளர்ப்பவர் நாயின் முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து, ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவார். அவர் போனதும் ஆராய்ச்சியாளர் சில தடவை அந்தப் பண்டத்தை நாய்க்கே கொடுத்துவிடுவார், சில தடவை எடுத்து ஒளித்துவிடுவார். திரும்பி வரும் வளர்ப்பவரிடம், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ சொல்வார்கள். அதில் சில தடவை சொல்வது பொய். தின்றுவிட்டது என்று கேட்டால் வளர்ப்பவர் நாயைத் திட்டுவார்.

முடிவு என்ன தெரியுமா? நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் திருட்டு முழிக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு வாங்கிய நாய்கள் முழித்தன. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே முழித்தன!

ஆக, அந்த முழி ‘நான்தான் கடித்தேன்’ என்ற ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. ‘உங்கள் குரலும் முகமும் பயமாக இருக்கிறது, அடிக்காதீர்கள்’ என்பதுதான் அது. காலையில் கடித்த செருப்புக்காகச் சாயங்காலம் அடித்தால், எதற்கு அடி விழுந்தது என்று மணிக்குப் புரியாது. நாய் ஒரு செயலையும் அதன் பலனையும் இணைத்துப் பார்ப்பது இரண்டும் உடனுக்குடன் நடந்தால்தான். சாயங்கால அடியிலிருந்து மணி கற்றுக்கொள்வது, அப்பா வீட்டுக்கு வந்தால் ஆபத்து என்பதைத்தான். பயந்த நாய் கடிப்பதை நிறுத்தாது, ஒளிந்து கடிக்கும்.

செருப்பை மெல்வான், சோற்றை விழுங்குவான்

உங்களில் கூர்ந்து கவனிப்பவர்கள் இன்னொன்றைக் கேட்பீர்கள். மணி செருப்பை அரை மணி நேரம் மெல்லுகிறது. சோற்றை மட்டும் ஏன் மெல்லாமல் லபக் லபக்கென்று விழுங்குகிறது?

வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாகத் தித்திக்கும். நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி சோற்றின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. நாயின் எச்சிலில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் மென்றும் பெரிய லாபமில்லை. தாடையும் அதற்குத் தோதாக இல்லை. நாம் கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கிறோம், மாடும் அப்படித்தான் அசைபோடுகிறது. நாயின் தாடை மேலும் கீழும்தான் போகும். மேல்தாடையில் ஒரு பெரிய பல்லும் கீழ்த்தாடையில் ஒரு பெரிய பல்லும் உரசிக்கொண்டு இறங்கி, ஆயாவின் பாக்குவெட்டி மாதிரி இறைச்சியை நறுக்கும். மணி ஒரு பொருளைத் தலையைச் சாய்த்து, வாயின் ஓரத்தில் தள்ளிக் கடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நறுக்கும் பல் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் விழுங்கிய சோறு எப்படிச் செரிக்கிறது? கணையம் சுரக்கும் அமிலேஸ் சிறுகுடலில் அந்த வேலையைப் பார்க்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2013இல் இதில் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயிடம் இரண்டு இருக்கின்றன. நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருக்கின்றன. மனிதர்கள் பயிர் செய்து தானியம் சாப்பிடத் தொடங்கிய பிறகு, அந்த மிச்சத்தைத் தின்று செரித்த நாய்கள் நன்றாகப் பிழைத்திருக்கின்றன. ஏரிப் பாசனத்தில் விளையும் பாகூர் நெல்லின் சோற்றை மணி செரிப்பது, அதன் உடம்புக்குள் இப்படி ஒரு மாற்றம் நடந்ததால்தான்.

பல் சொல்லும் பழங்கதை

1914இல் ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் கல் உடைத்தவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். அந்த நாயின் பற்களை லூக் ஜான்சன்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் நுணுக்கமாக ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். அது ஏழு மாதம்கூட முழுதாக ஆகாத குட்டி. அதன் பற்சிப்பியில் கோடுகளாகக் குறைகள் இருந்தன. பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் கடுமையான நோய் வந்தால் பற்சிப்பி சரியாகப் படியாது, அந்தத் தழும்பு பிறகு மாறவே மாறாது. குட்டிக்கு நான்கரை மாத வயதில் நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோய் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அப்போதே இறந்திருக்க வேண்டிய குட்டி மேலும் இரண்டு மாதம் போல உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ அதைச் சுத்தம் செய்து, தண்ணீர் காட்டி, ஊட்டிவிட்டிருக்கிறார்கள். காவலுக்கும் வேட்டைக்கும் உதவாத நோயாளிக் குட்டியை!

நம் பக்கத்திலும் நாய்க்கு மரியாதை செய்த கதை உண்டு. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தரும் தென்பெண்ணை ஆறு திருவண்ணாமலை மாவட்டத்தையும் கடந்துதான் வருகிறது. அந்த மாவட்டத்தின் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்காக நட்ட கல் அது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயர்கூட இருக்கிறது, கோவிவன். அந்தக் கோவிவனும் குட்டியாக இருந்தபோது வீட்டில் எதை எதைக் கடித்துக் குதறியிருக்குமோ!

வீட்டை மாற்றுங்கள், குட்டியை அடிக்காதீர்கள்

கடிப்பது மணியின் வளர்ச்சியில் ஒரு பகுதி. அதை நிறுத்த முடியாது, திசை திருப்ப முடியும்.

முதல் வேலை, கடிக்கக் கூடாததை எட்டாமல் வைப்பது. செருப்பு வாசல் பலகைமேல் ஏறட்டும். பள்ளிப் பை ஆணியில் தொங்கட்டும். சார்ஜரைக் கழற்றி மேலே வையுங்கள். மின்சாரம் ஓடும் வயரைக் கடித்தால் உயிரே போய்விடும்.

இரண்டாவது, கடிக்க வேண்டியதைக் கொடுப்பது. பழைய பருத்தி வேட்டியை மூன்றாகக் கிழித்துச் சடை பின்னி, இரு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். நல்ல கடிகயிறு தயார். அதை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும். நூல் நூலாகப் பிரியத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யுங்கள், நூல் குடலில் சிக்கும். பழைய செருப்பை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள். எது பழசு, எது புதுசு என்று மணிக்குத் தெரியாது.

கொடுக்கும் பொருளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிந்தால் சரி. பதியவே இல்லை என்றால் அது மணியின் பல்லைவிடக் கடினமானது. நாயின் பற்சிப்பி நம்முடையதைவிட மெல்லியது, எளிதில் உடையும். கொட்டாங்குச்சி, கருங்கல், வில்லியனூர்க் குயவர்களின் சுடுமண் பொம்மை எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

மூன்றாவது, பிடுங்காமல் பண்டமாற்றுச் செய்வது. மணியின் வாயில் செருப்பு இருந்தால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது மணிக்கு விளையாட்டு. ஒரு துண்டு கேரட்டையோ கடிகயிறையோ காட்டி, ‘விடு’ என்று சொல்லுங்கள். விட்ட அந்த நொடியிலேயே கொடுங்கள். விளையாட்டில் உங்கள் கையைக் கடித்தால், அதன் கூடப்பிறந்த குட்டிகள் செய்ததையே செய்யுங்கள். விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். நாள் முழுக்கக் கட்டியே போட்ட குட்டி சலிப்பில் கட்டின கயிற்றையும் கடிக்கும். காலையும் மாலையும் ஏரிக்கரை வரை ஒரு நடை கூட்டிப்போங்கள்.

கவனம்! கவனம்!

மணியின் வாயில் போகவே கூடாதவை: எலி மருந்து, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து டப்பாவும் பாக்கெட்டும், அந்துருண்டை, பட்டன் பேட்டரி, அரளிச் செடி, சாக்லேட், திராட்சை, வெங்காயம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மாம்பழக் காலமும் மணிக்குப் பல் முளைக்கும் காலமும் ஒன்றாகவே வரும். விழுங்கிய மாங்கொட்டை குடலை அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான் வழி. விஷத்தைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், எண்ணெய் என்று எதையும் ஊற்றாமல், தின்ற பொருளின் பாக்கெட்டோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அருகிலேயே குரும்பாப்பேட்டில் 1994இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மணிக்கு டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட வேண்டும், பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் போட வேண்டும்.

இன்னொன்று உங்களுக்கு. எந்த நாய், எவ்வளவு சின்னக் குட்டி கடித்தாலும், பல் கீறி ரத்தம் வராவிட்டாலும், அடிவிழும் என்று பயந்து மறைக்கவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. வருவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். 1885இல் பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டுக் காட்டினார். பையன் பிழைத்து, பெரியவனாகி வாழ்ந்தான்.

உங்களுக்கு ஒரு கேள்வி

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மணியின் வாயைத் திறந்து காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை பால்பல், எத்தனை புதுப்பல் என்று எண்ணி நோட்டில் குறியுங்கள். மணி கடிக்கும் நேரத்தையும் பொருளையும் அதே நோட்டில் எழுதி வந்தால், பல் மாறுவதற்கும் கடிப்பதற்கும் உள்ள தொடர்பு உங்களுக்கே தெரியும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் என்று பார்த்தோம். வளர்ந்த பூனைக்கு 30தான். பூனையின் வாயில் காணாமல்போன அந்த 12 பற்கள் எவை? பூனை சோற்றைவிட மீனையே விரும்புவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? கண்டுபிடித்து, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.